ஆவடிக்கு வந்த ஒரு ரூபிள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. சர்க்கரை, பி.பி.யைச் சொல்லவில்லை (அவையும் உண்டு, அது தனிக் கதை). ரஷ்யக் காசு சேர்க்கிற வியாதி.

பழைய காசு சேர்க்கிறேன் என்றால் பொதுவாக ஜனங்கள் மரியாதையாகத்தான் பார்ப்பார்கள். சோழர் காசு, ஆற்காடு நவாப் காசு, விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் என்று அவர்கள் கற்பனை ஓடும். 'ரஷ்யக் காசு' என்றதும் முகம் மாறிவிடும். கல்யாணமான புதிதில் மாமனாருக்கும் எனக்கும் நடந்த உரையாடல் இது:

"வெள்ளியா மாப்பிள்ளை?"

"இல்லை மாமா. செம்பும் நிக்கலும்."

"பேங்க்ல குடுத்தா மாத்தித் தருவாங்களா?"

"மாட்டாங்க மாமா. அந்தக் காசை அடிச்ச தேசமே இப்போ இல்லை."

அதோடு பேச்சு மழை, தண்ணீர்ப் பஞ்சம் என்று வேறு பக்கம் போய்விட்டது.

ஆவடிக்காரனுக்கு எதற்கய்யா ரஷ்யக் காசு என்று கேட்காதீர்கள். எங்களுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு? 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம்தான் லட்சியம் என்று தீர்மானம் போட்டதே எங்கள் ஊரில்தான். அப்புறம் 1960களில் டேங்க் ஃபேக்டரி வந்தது. கனரக வாகனத் தொழிற்சாலை என்பது போர்டில் உள்ள பெயர். நாங்கள் எச்.வி.எஃப். என்போம். முதலில் இங்கிலாந்து டிசைனில் 'விஜயந்தா' டேங்க் செய்தார்கள். 1980களில் சோவியத் யூனியனின் டி-72 டேங்க்கை லைசென்ஸ் வாங்கி இங்கேயே செய்ய ஆரம்பித்து, 'அஜேயா' என்று பெயர் வைத்தார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க ரஷ்யர்கள் வந்தார்கள். மே மாத வெயிலில் ஆவடி மார்க்கெட்டில் தக்காளி நிறத்தில் யாராவது நடந்து போனால், அவர் ரஷ்யர். 'சிவப்பு' என்பதற்கு எங்களுக்கு அரசியல் விளக்கமே தேவைப்பட்டதில்லை.

அப்பா அங்கே ஃபிட்டர். ராணுவ சமாசாரம் என்பதால் உள்ளே நடப்பது பற்றி வீட்டில் மூச்சு விட மாட்டார். "இன்னைக்கு என்னங்க வேலை?" என்று அம்மா கேட்டால், "இரும்பு" என்பார். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் 1986-ல் ஒரு நாள் சாயங்காலம், சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நம் ஒரு ரூபாயைவிடப் பெரிசு. ஒரு பக்கம் அரிவாள் சுத்தியல் சின்னம். மறு பக்கம் ஒரு சிப்பாய். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் தாழ்த்திப் பிடித்த வாள்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, எல்லா அம்மாக்களும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "வெள்ளியாங்க?"

அப்பாவுக்கும் அந்த சந்தேகம் இருந்திருக்க வேண்டும். டூல் பெட்டியைத் திறந்தார். சின்ன அரம் ஒன்றை எடுத்தார். காசின் விளிம்பில் ஒரே ஒரு இழுப்பு. வெளிச்சத்தில் பார்த்தார். "வெள்ளி இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அரத்தைத் துடைத்து உள்ளே வைத்தார். அம்மா திரும்பவும் குழம்புக்குப் போய்விட்டாள்.

காசு வந்த கதையை அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். அவரோடு வேலை பார்த்த ரஷ்யர் ஒருவர் ஊர் திரும்புகிறாராம். பேச்சு எல்லாம் சைகைதான். அப்பாவின் மாவடுவை ஒருமுறை முழுசாக வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வர, மறு நாளும் வந்து கை நீட்டினவர். கடைசி நாளில் இந்தக் காசைக் கொடுத்து, அதிலிருந்த சிப்பாயைத் தொட்டுக் காட்டி, "பாப்பா, பாப்பா" என்றாராம். அப்பா உடனே, "எனக்கும் ரெண்டு பாப்பா" என்று இரண்டு விரலைக் காட்டியிருக்கிறார். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி "பாப்பா" என்றாராம். இவரும் விடாமல் இரண்டு விரல்.

மொழிபெயர்ப்பாளர் வந்துதான் சிக்கல் தீர்ந்தது. ரஷ்ய மொழியில் 'பாப்பா' என்றால் அப்பா! குழந்தையைக் காட்டவில்லை, சிப்பாயைக் காட்டியிருக்கிறார். அவருடைய அப்பா யுத்தத்துக்குப் போனவர். திரும்பவில்லை.

"ரெண்டு விரலைக் காட்டினேன் பாருடா, சே!" என்று சொல்லிவிட்டு அப்பா மோரை ஊற்றிக்கொண்டார்.

இப்படித்தான் என் வியாதி ஆரம்பித்தது.

காசில் 'சி.சி.சி.பி.' என்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆராய்ந்து, "ஏதோ கோ-ஆபரேட்டிவ் ஸ்டோர் டோக்கன் மாதிரி இருக்குப்பா" என்றார். ரஷ்ய எழுத்தில் நம் 'சி'தான் 'எஸ்', 'பி'தான் 'ஆர்' என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் மலிவு விலைக்குக் கிடைத்த சோவியத் புத்தகங்களும், கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கும் ரஷ்ய கலாசார மையமும்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

படிக்கப் படிக்க சுவாரஸ்யம். ரூபாயும் ரூபிளும் அண்ணன் தம்பி என்று நினைத்திருந்தேன். சம்பந்தமே இல்லை. ரூபாய், சம்ஸ்கிருத 'ரூப்ய'த்திலிருந்து வந்தது. ரூபிள், 'வெட்டு' என்ற ரஷ்யச் சொல்லிலிருந்து. அந்தக் காலத்தில் வெள்ளிப் பாளத்தை வெட்டி வெட்டிக் கொடுத்தார்களாம். கோபெக் என்பது ஈட்டியிலிருந்து வந்த பெயர். 1530களில் அடித்த காசில் ஈட்டி பிடித்த குதிரை வீரன். ஒரு ரூபிளுக்கு 100 கோபெக் என்று 1704-லேயே மகா பீட்டர் கொண்டுவந்துவிட்டார். நமக்கு நயா பைசா வர 1957 ஆயிற்று.

அதே பீட்டர் தாடிக்கு வரி போட்டவர். வரி கட்டினவர்களுக்கு ஒரு டோக்கன். 1705-ல் அடித்த அந்த டோக்கனில் முகம்கூடக் கிடையாது. மூக்கு, மீசை, வாய், தாடி மட்டும். மேலே, 'பணம் பெறப்பட்டது'! 1725-ல் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது செம்பிலேயே சதுரமாக ஒரு ரூபிள் செய்தார்கள். ஒன்றின் எடை 1.6 கிலோ. சம்பள நாளன்று மாட்டு வண்டியோடு போயிருப்பார்களோ என்னவோ. 1828 முதல் 1845 வரை பிளாட்டினத்தில்கூடக் காசு அடித்திருக்கிறார்கள். இதெல்லாம் நம் கைக்கு எட்டாது. மியூசியத்திலும் புத்தகத்திலும் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

நமக்கு எட்டுவது சோவியத் கால நினைவுக் காசுகள். அதில் முதலாவதே அப்பா கொண்டுவந்ததுதான்! யுத்தத்தில் ஜெயித்து 20 வருஷம் ஆனதற்காக 1965-ல் போட்டது. மே 9-ம் தேதி வெற்றி தினத்தை விடுமுறை ஆக்கியதும் அந்த வருஷம்தான். காசில் இருக்கும் சிப்பாய், பெர்லின் டிரெப்டோ பூங்காவில் நிற்கிற சிலை. செய்தவர் வுசேடிச் என்ற சிற்பி. அந்த யுத்தத்தில் சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் செத்தார்கள். காசு அடித்தது சுமார் 6 கோடி. கிட்டத்தட்ட செத்தவர் ஒருவருக்கு இரண்டு காசு.

1991 கடைசியில் சோவியத் யூனியன் போய்ச் சேர்ந்தது. அங்கே மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகள் லீவுக்கு வரும்போது பை நிறையச் சில்லறை கொண்டுவந்தார்கள். ககாரின், தெரஷ்கோவா, டால்ஸ்டாய், செகாவ் என்று வீடு தேடி வந்தார்கள். சில்லறைக் கோபெக்குகளைக்கூட நான் விடவில்லை. அதில் ஒரு விசேஷம் உண்டு. 1, 2, 3, 5 கோபெக் பித்தளைக் காசுகள் சரியாக 1, 2, 3, 5 கிராம் எடை. இது தெரிந்ததிலிருந்து என் மனைவிக்கு ரஷ்யா மேல் தனி மரியாதை. ஐந்தும் மூன்றும் எட்டு, எட்டு கிராம் ஒரு சவரன்! நகைச் சீட்டு முடிந்து எந்த நகை வாங்கி வந்தாலும் முதலில் என் கோபெக்குகளோடு தராசில் ஏறிவிட்டுத்தான் பீரோவுக்குள் போகும்.

இனி, நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

1994. அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் வேலை. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. சென்ட்ரல் பக்கம் பழைய காசு விற்பவர் ஒருவரிடம் மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் செட் இருந்தது. 1980 ஒலிம்பிக்ஸுக்காக 1977-லிருந்து போட்ட ஆறு ரூபிள்கள். அதில் கிரெம்ளின் கோபுரம் போட்ட 1978 காசு பிரசித்தம். கோபுரக் கடிகாரத்தில் ரோமன் எழுத்தில் நாலு இருக்க வேண்டிய இடத்தில், சில காசுகளில் ஆறு விழுந்துவிட்டது! அந்தப் பிழைக் காசேதான் அந்த செட்டில் இருந்தது. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

பணம் குறைந்தது. "வேற ஏதாச்சும் இருந்தா குடு தம்பி, சேத்துக்கலாம்" என்றார் கடைக்காரர். மறு வாரம் டூப்ளிகேட் காசுகளோடு அப்பாவின் ரூபிளையும் எடுத்துப் போனேன். அவர் விளிம்பைத் தடவிப் பார்த்து, "ராவியிருக்கே, இது அடிபட்ட காசாச்சே" என்று உதட்டைப் பிதுக்கினார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அப்பா ஏன்தான் அரத்தைப் போட்டாரோ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கொடுத்துவிட்டு வந்தேன். பின்னாடி நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம், 6 கோடி அடித்த காசுக்கா பஞ்சம் என்று சமாதானம்.

வீட்டுக்கு வந்து கடிகாரப் பிழையை அப்பாவிடம் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இதை யாருடா பாஸ் பண்ணது? இன்ஸ்பெக்‌ஷன்னு ஒண்ணு இல்லையா அங்கே?" என்றார். எச்.வி.எஃப்.காரர் வேறு என்ன கேட்பார்?

வருஷங்கள் ஓடின. அப்பா ரிட்டயர் ஆனார். 2010-ல் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ கண்காட்சி. தாத்தா உற்சாகமாகி, "ரஷ்யாக்காரர் குடுத்த காசைக் கொண்டு போ. கதையை நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். எனக்குத் திக்கென்றது. இரண்டு நாள் அலைந்து வேறொரு 1965 ரூபிள் வாங்கினேன். அப்பழுக்கில்லாத காசு. பளபளவென்று இருந்தது. விலை சில நூறு ரூபாய்தான்.

அப்பா வாங்கினார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. சிப்பாய் பக்கம் பார்க்கவும் இல்லை. கட்டை விரல் நகத்தை விளிம்பில் வைத்து ஒரு சுற்று ஓட்டினார். முப்பது வருஷம் இரும்பைத் தடவி அளவு சொன்ன விரல். பாதியில் ஒரு கணம் நின்றது. திரும்ப ஒரு சுற்று.

"மழமழன்னு இருக்கு" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அவர் காசைப் பேத்தியின் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு, பாப்பா கதையை முழுசாகச் சொன்னார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் வைத்தார். அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இன்றைக்கு என்னிடம் சோவியத் நினைவு ரூபிள்கள் கிட்டத்தட்ட எல்லாம் இருக்கின்றன. 1988-ல் பழைய வருஷக் காசுகளை மறுபடி அடித்து, அடையாளத்துக்கு விளிம்பில் '1988' என்று போட்டார்கள் என்பதால், சேகரிப்பவர்கள் எல்லோருமே விளிம்பைத் திருப்பிப் பார்ப்பார்கள். நானும் பார்க்கிறேன். ஆனால் நான் தேடுவது வேறு. நாணயக் கண்காட்சி எங்கே நடந்தாலும் போய், 1965 ரூபிள்களை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தை ஓட்டுவேன். போன தடவை ஒரு வியாபாரி, "எல்லாரும் அடிபடாத காசு கேப்பாங்க. நீங்க அடிபட்டதா தேடறீங்களே சார்!" என்றார். கிடைத்தால் இரட்டை விலை தருகிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மனைவி, "ஏங்க இப்படி அலையறீங்க? இருக்கிற காசுல நீங்களே ஒரு ராவு ராவிடுங்களேன்" என்றாள்.

அரம் இருக்கிறது. அப்பாவுடையதுதான். டூல் பெட்டியிலிருந்து இரண்டு தடவை எடுத்தும் பார்த்தேன். கை வரவில்லை.