தொட்டிலும் கடிகாரமும்

நாள் ஒன்றுக்கு 24 மணி நேரம் என்பது எல்லார்க்கும் பொதுவான கணக்கு. ஆயினும், கைக்குழந்தையை விட்டு வேலைக்குச் செல்லும் தாய்க்கு அக்கணக்கு பொருந்துவதில்லை. அவளுடைய நாளின் ஒவ்வொரு பகுதியும் முன்னரே யாருக்கேனும் உரிமையாகிவிடுகிறது. விடியற்காலம் அடுப்புக்கு உரியது. பகல் முதலாளிக்கு உரியது. அந்தி, துணிமணிகளுக்கும் பாத்திரங்களுக்கும் உரியது. எஞ்சிய சிறு பொழுதே குழந்தைக்குக் கிட்டுகிறது. அந்தச் சிறு பொழுதுக்குள் குழந்தையின் உணவும் உறக்கமும் மட்டுமன்றி, அதன் தாய்மொழியும் அடங்கியிருக்கிறது. ஆதலின், இது வீட்டுக்குள் முடிந்துவிடும் செய்தியன்று. தமிழ்ப்பள்ளியின் வாயில் வரை வந்து நிற்கும் செய்தியாகும்.

இவ்வாழ்க்கை நேற்று முளைத்ததுமன்று. இன்று பிறையிலும் பாயான் லெப்பாசிலும் உள்ள தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தமிழ்ப் பெண்களுள் பலர், பால்மரக் காட்டில் கத்தி பிடித்த தாயர் பெற்ற மக்களே. சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டமொன்றில் 1980-ஆம் ஆண்டுகளில் மரம் வெட்டிய ஒரு தாயையும், இன்று பிறையில் வேலை செய்யும் அவர் மகளையும் எடுத்துக்கொண்டால், இரு தலைமுறைகளின் நாளும் கண்முன் தெளிவாகும்.

ரப்பர் மரத்தின் பால் குளிர்ந்த வேளையில்தான் நன்கு வடியும். வெயில் ஏற ஏற மரத்தினுள் உள்ள நீரழுத்தம் குறைந்து பாலோட்டம் தளர்ந்துவிடும். எனவே, மரம் வெட்டுவோர் கதிரவனுக்கு முன் எழுந்தாக வேண்டும். 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. கதிரவன் நகரவில்லை, மரமும் நகரவில்லை. கடிகாரம் எதைக் காட்டினாலும் அந்தத் தாய் எழுந்த வேளை இருளாகவே இருந்தது.

எழுந்ததும் அடுப்பு மூட்டிச் சோறு பொங்குவார். தேநீரைப் புட்டியில் ஊற்றுவார். உறங்கும் குழந்தையைப் பழந்துணியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு நடப்பார். மரம் வெட்ட இயலாத முதிய பெண்ணொருவர் அங்கே ஆயாவாக இருந்தார். உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒன்றில் பிள்ளையைக் கிடத்திவிட்டுத் தாய் பெரட்டுக்களத்துக்கு ஓடுவார். பெயர் கொடுத்தபின் நிரை நிரையாக மரம் வெட்டி, பின்னர் மங்குகளிலிருந்து பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் சுமந்து சென்று நிறுத்துவிட்டு வரும்போது நண்பகலாகிவிடும்.

கொட்டகை வாசலில் தாயைக் கண்டதும் குழந்தை தாவும். அவரோ உடனே தூக்கமாட்டார். உடையில் ஒட்டுப்பால் நாற்றம் வீசும். கைகளில் பால் உறைந்து ஒட்டியிருக்கும். தண்ணீர்க் குழாயடிக்கு ஓடிக் கைகால் கழுவி வரும்வரை குழந்தை அழும். அந்தச் சில நிமிட அழுகையே நாள்தோறும் அவர் செலுத்திய தனி வரி எனலாம்.

ஆயினும், அக்காலத்தின் ஒரு பெரும் பேற்றை மறத்தலாகாது. தாய் அருகில் இல்லாத ஆறேழு மணி நேரத்திலும் குழந்தையைச் சுற்றித் தமிழ் இருந்தது. ஆயா அதட்டியது தமிழில், தாலாட்டியது தமிழில், பக்கத்துத் தொட்டில் குழந்தையை உறவுமுறை சொல்லி அறிமுகப்படுத்தியதும் தமிழில். தாய்க்கு நேரம் இல்லாவிடினும் தாய்மொழிக்கு நேரம் இருந்தது.

அதன் மறுபக்கமும் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கொட்டகையில் விட இயலாது. தாய் வீட்டிலிருந்தால் அன்றைய கூலி இல்லை. ஆகவே, வீட்டின் மூத்த பெண்பிள்ளை பள்ளிக்குச் செல்லாமல் தம்பியை இடுப்பில் சுமந்தாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே விழுந்த சுழியங்கள், அவளுடைய சோம்பலின் கணக்கல்ல. அந்த வீட்டில் வளர்ந்த குழந்தையின் காய்ச்சல் கணக்கு. எத்தனையோ அறிவார்ந்த பெண்பிள்ளைகளின் கல்வி, இவ்வாறு நாள் நாளாகத் தேய்ந்தது.

இனி, மகளின் நாளைக் காண்போம். பாயான் லெப்பாசில் 1972-ஆம் ஆண்டு தடையற்ற வாணிக வளாகம் தொடங்கிய பின்னர், பினாங்கிலும் செபராங் பிறையிலும் மின்னணுத் தொழில் வேரூன்றியது. தோட்டங்கள் விற்கப்பட்டும் துண்டாடப்பட்டும் மறைய, அங்கு வாழ்ந்தோரின் மக்கள் நகரத்து அடுக்ககங்களில் குடியேறினர். லயத்து வாழ்க்கை முடிந்தது; விடியுமுன் எழும் வாழ்க்கை முடியவில்லை.

மகள் எழுவது காலை 4.30 மணிக்கு. அரிசியைக் களைந்து மின்குக்கரில் இடுகிறாள். மற்றோர் அடுப்பில் குழந்தையின் கஞ்சி வேகிறது. புட்டிகளைக் கொதிநீரில் இட்டு எடுத்து, ஒரு பையில் பால்மாவு, அணையாடைகள், மாற்றுடை இரண்டு, காய்ச்சல் மருந்து ஆகியவற்றை அடுக்குகிறாள். 5.30 மணிக்கு ஒன்றரை வயது மகனை உறக்கம் கலையாமல் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் இறங்குகிறாள். கீழ்த்தளத்தில் வாழும் மலாய் அம்மையார் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார். அனைவரும் அவரை ‘மாக்சிக்’ என்றே அழைப்பர். பிள்ளையை அவருடைய மெத்தையில் கிடத்திவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்கிறாள். வேலை 7 மணிக்குத் தொடங்கும். மாலை 7 மணிக்கு முடியும். வீடு திரும்பும்போது 7.45 ஆகிவிடும்.

பதிவுபெற்ற காப்பகத்தில் ஏன் விடலாகாது என்று கேட்போர் உளர். 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ பராமரிக்கப்படும் இடம் பதிவு பெற வேண்டும் என்கிறது. ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐவருக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால், வேலை தொடங்கும் 7 மணிக்குத்தான் காப்பகமும் திறக்குமாயின், அவளுக்கு அவ்விதியால் பயனில்லை. ஆகவே, இருளில் கதவு திறக்கும் அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தையே அவள் நம்ப வேண்டியிருக்கிறது.

சட்டங்கள் மாறாமலும் இல்லை. 2023 சனவரி 1 முதல் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கு 7 நாள் விடுப்பு கிடைத்தது. வார வேலை நேரத்தின் வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இவை பெருமைக்குரிய முன்னேற்றங்கள். எனினும், மிகைநேர வேலையை மறுத்தால் வீட்டுக் கடன் கட்ட முடியாது. பேருந்தில் கழியும் நேரமோ எந்த வரம்பிலும் அடங்காது.

இங்கேதான் அவளுடைய நாளின் கடினமான கணக்கு தொடங்குகிறது. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகலுறக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. இரவு 10 மணி வரை மகனைக் கொஞ்சி விளையாடினால், விடியுமுன் தூக்கும்போது அவன் உறக்கம் ஏழரை மணி நேரமே ஆகியிருக்கும். ஒன்பது மணிக்கு உறங்கவைத்தாலோ, தாயும் மகனும் விழித்தபடி சேர்ந்திருக்கும் நேரம் ஒன்றேகால் மணி. உறக்கத்தைக் கூட்டினால் உறவாடும் நேரம் குறைகிறது. உறவாடினால் உறக்கம் குறைகிறது. எதைக் கொடுப்பது, எதைக் குறைப்பது? ஒவ்வொரு மாலையும் அவள் இக்கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது.

அவள் கண்ட விடை எளியது. மகனை ஒன்பது மணிக்கே உறங்கவைத்தாள். எஞ்சிய ஒன்றேகால் மணியைப் பேச்சால் நிரப்பினாள். கைப்பேசியில் பொம்மைப் படம் ஓடவிட்டால் குழந்தை அசையாமல் இருக்கும். சமையலும் விரைவில் முடியும். அதை அவள் அறியாதவளல்லள். ஆனால், அவனைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்து, ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் கொடுத்து, கை செய்வதையெல்லாம் வாய் சொல்லும்படி பழகிக்கொண்டாள். “இது வெண்டைக்காய். அம்மா நறுக்கறேன். தண்ணி சுடும், தொடாதே.” குளிப்பாட்டும்போது காது, மூக்கு, முழங்கால், துணி மடிக்கும்போது அப்பா சட்டை, தம்பி சட்டை. இதற்கெனத் தனி நேரம் ஒதுக்கவில்லை. ஒதுக்க நேரமும் இல்லை. வேலையோடு வேலையாகத் தமிழ் பிள்ளையின் செவியில் விழுந்தது.

மகன் பாலுக்கு முதலில் சொன்ன சொல் ‘சூசூ’. அது மாக்சிக் கற்றுக்கொடுத்த மலாய்ச் சொல். தாய் அதைக் கேட்டுச் சினக்கவில்லை. பகலெல்லாம் பிள்ளையைப் பேணியவர் கொடுத்த சொல்லை ஏன் வெறுக்க வேண்டும்? “ஆமாம் ராசா, பால்” என்று மட்டும் மறுமொழி சொன்னாள். நாள்தோறும் அவ்வாறே சொன்னாள். சில வாரங்களில் அவன் கீழ்த்தளத்தில் ‘சூசூ’ என்றும் மேல்தளத்தில் ‘பா’ என்றும் கேட்கத் தொடங்கினான். மொழிக்கு வேலி கட்டாமலே வேர் பாய்ச்சலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுகிறது. அவற்றுள் நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவமும் ஒன்று. அடுக்ககத்துத் தாய்க்கு மாலையில் நிலாக் காட்டச் சோறூட்ட நேரமில்லை. சில நாள் விடியலில் குழந்தை தோளிலேயே விழித்துவிடும்போது, வாகன நிறுத்துமிடத்தின் மேலே தேய்பிறை நிற்பதைக் காட்டுகிறாள். பேருந்து வருவதற்குள் அரை நிமிடம் கிடைக்கும். அதுவே அவர்களுடைய அம்புலிப் பருவம்.

தந்தையைப் பற்றியும் கூறுதல் வேண்டும். துறைமுகத்திலிருந்து சரக்குந்து ஓட்டும் அவர், முன்னதாகத் திரும்பும் நாள்களில் மகனை அழைத்துவந்து குளிப்பாட்டிக் கஞ்சியூட்டுகிறார். புட்டிகளைக் கழுவுவது அவர் பொறுப்பு. தோட்டத்துத் தந்தையர் பலர் செய்யத் தயங்கிய வேலை இது. அந்நாள்களில் தாய் வந்து கதவைத் திறக்கும்போது, குழந்தை பசியோடு அழுவதில்லை, சிரித்துக்கொண்டே ஓடிவருகிறது. ஒருவர் கை கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தின் தன்மையே மாறிவிடுகிறது.

தமிழாசிரியர்கள் இவற்றை ஏன் அறிதல் வேண்டும்? பெற்றோர் சந்திப்பு நாளில் வாராத தாயை அக்கறையற்றவள் என்று எளிதில் தீர்ப்பளித்துவிடுகிறோம். அவள் வராத அந்தக் காலை பத்து மணிக்கு, எழுந்து ஐந்தரை மணி நேரம் கடந்திருக்கும். சந்திப்பை ஒரு சனிக்கிழமைக்கோ மாலைக்கோ மாற்றினால் அவள் வரக்கூடும். வகுப்பில் கண்ணயரும் பத்து வயது மாணவியைக் கண்டிக்குமுன், இரவில் தம்பியை யார் பார்த்துக்கொண்டார் என்று ஒரு சொல் கேட்கலாம். பாட்டி காலத்தில் பதிவேட்டில் விழுந்த சுழியம், பேத்தி காலத்தில் வகுப்பறை உறக்கமாக வடிவம் மாறியிருக்கலாம்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ‘என் அன்னை’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதும்படி கூறினால், அன்னையைத் தெய்வமென்றும் தியாகச் சுடரென்றும் எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடுகின்றனர். அத்தொடர்கள் எல்லா அன்னையர்க்கும் பொருந்தும்; ஆகவே எந்த அன்னையையும் காட்டுவதில்லை. அடுத்த முறை, அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எந்தப் பேருந்தில் செல்கிறார், திரும்பியதும் முதலில் என்ன செய்கிறார் என்பவற்றைக் கேட்டறிந்து எழுதும்படி சொல்லலாம். அந்தப் பிள்ளை வீட்டுக்குச் சென்று தாயிடம் கேள்வி கேட்கும். தாய் பாத்திரம் கழுவியபடியே விடை சொல்வார். கட்டுரை எவ்வாறு அமைந்தாலும், அவ்விருவரும் பத்து நிமிடம் தமிழில் பேசியிருப்பர்.