சைலண்ட் ஹில்லும் நாக்பூர் ராத்திரியும்

டிஸ்கி: இது ஒரு வீடியோ கேம் பத்தின பதிவு. கதையை முழுசா உடைச்சிருக்கேன். இனிமேதான் விளையாடப் போறேன்னு சொல்ற புண்ணியவான்கள் இத்தோட கழண்டுக்கலாம். மத்தவங்க உள்ளே வாங்க.

லக்னோவில ஜனவரிப் பனி இருக்கே, அது நம்ம ஊர் மார்கழிப் பனி மாதிரி கோலம் போடற நேரத்துக்கு வந்து காபி குடிக்கற நேரத்துக்குக் கிளம்பிப் போற மரியாதையான பனி இல்லீங்க. சாயங்காலமே வந்து உக்காந்துக்கும். மறுநாள் மத்தியானம் வரைக்கும் எந்திரிக்காது. பால்கனியில நின்னா எதிர் பிளாட் காணாமப் போயிருக்கும். பால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் மட்டும் வரும், ஆள் வரமாட்டார்.

அப்படி ஒரு சனிக்கிழமை. செமஸ்டர் லீவுக்கு வந்திருந்த நம்ம புத்திரன் கம்ப்யூட்டர் முன்னாடி இருந்தான். எட்டிப் பாத்தா திரையிலயும் பனி. ஒரு ஆள் தனியா ரோட்டுல நடந்து போறான், பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல.

"என்னலே, நம்ம தெருவையே கேம்ல போட்டுட்டானா?"

"அப்பா, இது சைலண்ட் ஹில் 2. பேய் கேம். நீங்க போய்ப் படுங்க, பயந்துருவீங்க."

பி.காம். படிச்சு, இருபது வருஷத்துக்கு மேல பேங்க்ல குப்பை கொட்டி, எத்தனையோ வாராக்கடன் பார்ட்டிகளை வீட்டு வாசல்ல வச்சு சந்திச்ச என்னைப் பாத்து இந்த வார்த்தை. சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். உண்மையைச் சொன்னா எனக்கும் பேய்க்கும் உள்ள உறவு மர்மதேசம் சீரியலோட சரி. வீடியோ கேமுக்கும் எனக்கும் உள்ள உறவு கம்ப்யூட்டர் சென்டர்ல விளையாடின பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவோட சரி.

முதல்ல கேம் பத்தி. 2001ல ஜப்பானோட கொனாமி கம்பெனி பிளேஸ்டேஷன் 2க்கு விட்டது. அதையே போலந்து நாட்டு புளூபர் டீம் புதுசா செஞ்சு 2024 அக்டோபர்ல வெளியிட்டாங்க. பையன் விளையாடினது இந்தப் புதுசு. ரெண்டுக்குமே இசை அகிரா யமாவோகா. அந்தப் பனிக்கும் ஒரு கதை இருக்கு. 1999ல வந்த முதல் பாகத்துல, அந்தக் காலத்து பிளேஸ்டேஷனால தூரத்துல இருக்கறதை எல்லாம் வரைஞ்சு மாளாது. அதை மறைக்கத்தான் பனியையும் இருட்டையும் போட்டாங்க. இல்லாமையை மறைக்கப் போட்ட திரை, கடைசியில அதுவே அந்த ஊருக்கு அடையாளமாப் போச்சு.

கதை இதுதான். ஜேம்ஸ் சண்டர்லேண்ட்னு ஒருத்தன். குமாஸ்தா மாதிரி மூஞ்சி. அவன் பொண்டாட்டி மேரி நோயில செத்து 3 வருஷம் ஆச்சு. இப்ப அவகிட்டேருந்து ஒரு கடிதம் வருது. 'நாம போன அந்த ஊர்ல, நமக்கான இடத்துல காத்திருக்கேன்'ங்கற மாதிரி. செத்தவ எப்படி எழுதுவான்னு அவனுக்கே தெரியும். ஆனாலும் கிளம்பி வந்துடறான்.

விளையாடற விதம் எப்படின்னா, இவன் ஹீரோ கிடையாது. கையில கிடைக்கற முதல் ஆயுதம் ஆணி அடிச்ச ஒரு மரக்கட்டை. (ஆபீஸ்ல நாம பிடுங்கற ஆணியெல்லாம் இங்கேதான் வந்து சேருது போல.) அப்புறம் இரும்புக் குழாய், துப்பாக்கின்னு ஒவ்வொண்ணா கிடைக்கும், ஆனா குண்டு எண்ணித்தான் செலவு பண்ணணும். சட்டைப்பையில ஒரு சின்ன ரேடியோ. பக்கத்துல ஏதாவது ஜந்து இருந்தா அது கரகரன்னு இரையும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, காதுக்கு மட்டும் தெரியும். இதைவிடக் கொடுமை வேற இல்லை. அதுலயும் சிலது கால் மட்டும் ரெண்டு ஜோடி வச்சுக்கிட்டு மூலையில அசையாம நிக்கும். டார்ச் வெளிச்சம் பட்டாத்தான் தெரியும். நான் ரெண்டு தடவை சேரோட பின்னால போனேன். பையன் சிரிக்கல. நல்ல பிள்ளை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மேப். ஜேம்ஸ் ஒரு கதவைத் திறந்து பாத்து, பூட்டியிருந்தா மேப்புல தானே குறிச்சு வச்சுக்கறான். அடைபட்ட வழிக்கு ஒரு குறி, புதிர் இருக்கற இடத்துக்கு ஒரு குறி. அபார்ட்மென்ட், ஆஸ்பத்திரி, ஜெயில், ஏரிக்கரை ஹோட்டல்னு ஒவ்வொரு கட்டடமா, ஒவ்வொரு ரூமா டிக் அடிச்சுக்கிட்டே போறான். நம்ம கன்கரன்ட் ஆடிட்டர் தோத்தார். சண்டைக்குத் தனியா, புதிருக்குத் தனியா கஷ்ட அளவு வச்சுக்கலாம். என்னை மாதிரி ஆளுங்களுக்கு சண்டை லேசு, புதிர் நடுத்தரம்.

ஊர்ல இன்னும் சிலர் சுத்தறாங்க. ஏஞ்சலா, எட்டி, லாராங்கற எட்டு வயசுக் குழந்தை, மேரி சாயல்லயே மரியான்னு ஒருத்தி. கொஞ்ச நேரம் போனதும் ஒரு விஷயம் புரியும். ஒவ்வொருத்தருக்கும் அந்த ஊர் வேற வேற மாதிரி தெரியுது. ஏஞ்சலாவுக்கு எங்கே பாத்தாலும் நெருப்பு. லாராவுக்கு ஒண்ணுமே தெரியல, சும்மா விளையாடிக்கிட்டுத் திரியறா. அவளுக்கு ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்லை. தலையில முக்கோண இரும்பு மாட்டிக்கிட்டு, பெரிய கத்தியை இழுத்துக்கிட்டு ஒருத்தன் ஜேம்ஸைத் துரத்துவான். அவன் யாரு, எதுக்கு வர்றான்னா, தன்னைத் தண்டிக்க ஜேம்ஸே கூப்பிட்டுக்கிட்ட ஆள். அது கடைசியிலதான் தெரியும்.

கடைசின்னா, ஹோட்டல்ல 312ம் நம்பர் ரூம். அங்கே ஒரு வீடியோ கேசட்டைப் போட்டுப் பாக்கறான். மேரி நோயில சாகல. படுக்கையில கிடந்தவளைத் தலகாணியை வச்சு அமுக்கினது ஜேம்ஸ்தான். அதைத்தான் இத்தனை நேரமா மறந்துட்டு, கடிதம் வந்துச்சுன்னு அலைஞ்சிருக்கான்.

அந்த இடத்துல எனக்கு உள்ளங்கை வேர்த்துருச்சு. லக்னோ ஜனவரியில.

இந்த கேம்ல இன்னொரு விசேஷம். முடிவு பல விதம். ஆனா எங்கேயும் 'இது வேணுமா, அது வேணுமா'ன்னு கேக்க மாட்டான். நீங்க எப்படி நடந்துக்கறீங்கன்னு பின்னாலருந்து பாத்துக்கிட்டே இருப்பான். மேரி போட்டோவை அடிக்கடி எடுத்துப் பாக்கறீங்களா, அடிபட்டா உடனே மருந்து போட்டுக்கறீங்களா, மரியாவோட எவ்வளவு ஒட்டிக்கிட்டு நடக்கறீங்க, ஏஞ்சலா குடுத்த கத்தியை எத்தனை தடவை எடுத்து வெறிச்சுப் பாத்தீங்க. எல்லாம் கணக்குல ஏறுது. கடன் புதுப்பிக்கும்போது நாங்க பார்ட்டி சொல்றதைக் கேக்கறதோட நிறுத்த மாட்டோம், வருஷம் பூரா அந்தக் கணக்கு எப்படி நடந்துச்சுன்னும் பாப்போம். அதே கதைதான்.

பையன் அவங்கம்மா மாதிரி சிக்கனம். மருந்தையெல்லாம் சேத்து வச்சுக்கிட்டு, அடிபட்டபடியே நொண்டி நொண்டி நடந்தான். கத்தி எதுக்குன்னு புரியாம பத்து தடவை எடுத்துப் பாத்தான். விளைவு, ஜேம்ஸ் காரோட ஏரிக்குள்ள போற முடிவு. திரை இருட்டாச்சு, மேரியோட கடிதத்தை அவ குரல் முழுசா வாசிக்குது. ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருந்தோம்.

அப்பத்தான் கேட்டான். "அப்பா, ஆச்சி படுத்திருந்தப்ப நீங்க எப்பவாச்சும் அப்படி நினைச்சிருக்கீங்களா?"

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2017 ஆகஸ்ட்ல எங்கம்மாவுக்குப் பக்கவாதம். அப்ப நான் நாக்பூர்ல இருந்தேன். அம்பாசமுத்திரத்துல பாத்துக்க ஆள் இல்லை, அங்கே கூட்டிட்டு வந்துட்டோம். வலது பக்கம் விழுந்துருச்சு, பேச்சு போச்சு. வாழ்நாள் பூரா வாய் ஓயாம பேசின மனுஷி. பாத்துக்க வந்த அம்மாவுக்கு மராத்தி தவிர ஒண்ணும் தெரியாது. இடது கையால தம்ளரைத் தூக்கி எறிவாங்க, அடுத்த நிமிஷம் அதே கையால என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டாங்க. 2019ல மூக்கு வழியா குழாய் போட்டு கஞ்சி ஊத்தற நிலைமை. மொத்தம் ரெண்டேகால் வருஷம்.

2019 மார்ச் 31, ஞாயித்துக்கிழமை. ஆனா நமக்கு ஏது ஞாயிறு, வருஷக் கணக்கு முடிக்கிற நாள். வீடு வந்து சேர ராத்திரி ஒண்ணரை மணி. தங்கமணி அசந்து தூங்கறா. அம்மா ரூமுக்குப் போனா, குழாயைப் பிடுங்கிப் போட்டுட்டு விட்டத்தைப் பாத்துட்டுப் படுத்திருக்காங்க. பக்கத்துல உக்காந்தேன். ஒரு நினைப்பு வந்துச்சு. விடிஞ்சதும் இதைத் திரும்பப் போடாம விட்டா என்ன? யாரு கேக்கப் போறாங்க? எப்படியும் ஒருநாள் நடக்கப் போறதுதானே?

சும்மா வந்துட்டுப் போன நினைப்பு இல்லீங்க. எத்தனை நாள் ஆகும், டாக்டர் கிட்ட என்ன சொல்றது, ஊர்லருந்து யார் யார் வருவாங்கன்னு ஒரு திட்டம் மாதிரி ஓடுச்சு. நாலு மணி வரைக்கும் தங்கமணியை எழுப்பாம அப்படியே உக்காந்திருந்தேன்.

அந்த நவம்பர்ல அம்மா தானாவே போயிட்டாங்க. ஊருக்குக் கொண்டு போய்த்தான் எடுத்தோம். பதினாறு முடியற வரைக்கும் வந்தவங்க எல்லாம் ஒரே பாட்டு: "பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெக்கணும்." ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த ரேடியோ மாதிரி உள்ளுக்குள்ள கரகரன்னு இரைஞ்சுது. யார்கிட்டயும் சொன்னதில்லை. அதான் உள்ளங்கை வேர்வை.

"நினைச்சேன்"னு சொன்னேன். அந்த ராத்திரியை முழுசா சொன்னேன். பையன் மானிட்டரையே பாத்துக்கிட்டு இருந்தான்.

"ஸ்கூல்ல ஜெய்ப்பூர் டூர் போனாங்கல்ல. ஆச்சி இருக்கற நிலைமையில அனுப்ப முடியாதுன்னீங்க. அன்னிக்கு நானும் நினைச்சேன்பா. அப்புறம் நிஜமாவே செத்துப் போனப்ப, நான் நினைச்சதாலதானோன்னு இருந்துச்சு."

பன்னெண்டு வயசுல நினைச்சதை இத்தனை வருஷமா தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கான். நானாவது பெரியவன். என்ன சொல்றதுன்னு தெரியாம அவன் தோள்ல கை வச்சேன்.

பின்னால வாசப்படியில தங்கமணி. எப்ப வந்தாளோ.

"அப்பனும் மகனும் ஆளுக்கொரு தடவை நினைச்சதுக்கே இவ்வளவு ஒப்பாரியா? நான் எத்தனை தடவை நினைச்சேன்னு யாராச்சும் கேட்டீங்களா? ரெண்டு வருஷமும் நினைச்சேன். நினைச்சுட்டு எந்திரிச்சுப் போய் அத்தைக்குத் துணி மாத்துவேன். மாத்திட்டு வந்து மறுபடி நினைப்பேன். தோசை ஊத்தறேன், வந்து சாப்பிடுங்க."

போயிட்டா. அம்மாவைக் குளிப்பாட்டினது, புண்ணுக்கு மருந்து போட்டது, கஞ்சியை வடிகட்டினது எல்லாம் பெரும்பாலும் அவதான். ஊர்ல எனக்குக் கிடைச்ச பாராட்டுல பாதி கூட அவளுக்குக் கிடைச்சதா ஞாபகம் இல்லை. அதை அன்னிக்குத்தான் யோசிச்சேன்னு சொல்ல வெக்கமா இருக்கு.

பையன் லீவு முடிஞ்சு கிளம்பிட்டான். கேமை அழிக்க வேண்டாம்னு சொல்லி வச்சேன். அப்புறம் வார இறுதி ராத்திரியா நானே விளையாடி முடிச்சேன். 30 மணி நேரம் ஆச்சு. பையன் கேட்டா சிரிப்பான். அடிபட்டா உடனே மருந்து. கத்தியைத் தொடவே இல்லை. மேரி போட்டோவை மட்டும் நினைச்சப்பெல்லாம் எடுத்துப் பாத்தேன். கடைசியில ஒரு நீளமான நடைவழி வரும். அங்கே நடக்கும்போது மேரி படுக்கையிலருந்து ஜேம்ஸைத் திட்டினது கேக்கும். போயிருன்னு கத்துவா, உடனே போகாதேன்னு அழுவா. நடக்காம நின்னு முழுசா கேட்டேன். தம்ளரை எறிஞ்ச கையும், சட்டையைப் பிடிச்ச கையும் ஒண்ணுதான்னு எனக்குத் தெரியுமே.

எனக்குக் கிடைச்ச முடிவு, ஜேம்ஸ் அந்தக் குழந்தை லாராவோட ஊரை விட்டு வெளியே போறது. அதுக்குப் பேரே 'லீவ்'. பேங்க்காரனுக்கு லேசுல கிடைக்காத சமாச்சாரம் :-)

ஜேம்ஸை நல்லவன்னு சொல்ல வரல. அவன் செஞ்சது செஞ்சதுதான். ஆனா முடிச்ச ராத்திரி பீரோவைக் குடைஞ்சு ஒரு நோட்டை எடுத்தேன். அம்மாவுக்கு எத்தனை மணிக்கு எத்தனை மில்லி குடுத்தோம்னு எழுதி வச்ச நோட்டு. ஏழு வருஷமா திறக்கவே இல்லை. 2019 ஏப்ரல் 1 பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்துதான்.

'ராத்திரி 1.45 - டியூப் பிடுங்கியிருந்தது. காலை 6.30 - ஆஸ்பத்திரி போய்ப் போட்டாச்சு. 7.15 - கஞ்சி 200 மி.லி.'

அதுக்குக் கீழே தங்கமணி கையெழுத்துல மத்தியானம் 1 மணி, சாயங்காலம் 5 மணி, ராத்திரி 9 மணின்னு வரிசையா. மறுநாள் பக்கமும் அப்படியே. நவம்பர் வரைக்கும் ஒருநாள் விடல.

போட்டோ எடுத்துப் பையனுக்கு அனுப்பினேன். 'பாத்தேன்பா'ன்னு ஒரு வரி பதில் வந்துச்சு. நோட்டை பீரோவுல திரும்ப வைக்கல, மேஜை மேலயே கிடக்கு.