பாதியில் நின்ற ஆட்டம்

எதைக் கண்டாலும் ஆசைப்படுகிற மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரு வீணைக் கச்சேரிக்குப் போய்விட்டு வந்தால் மறுநாள் காலையில் வீணை என்ன விலை என்று விசாரிப்பார்கள். நல்ல ரசம் ஒன்று வாய்த்துவிட்டால் அன்று இரவே ரசத்தைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகம் ஆரம்பிப்பார்கள். மூன்றாவது வாரம் வீணையும் ரசமும் மறந்து போய், மலையேறுவதற்கு எந்தச் செருப்பு நல்லது என்று கடை கடையாக அலைந்துகொண்டிருப்பார்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

என் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து பார்த்தால் என் சரித்திரம் முழுவதும் அகப்பட்டுவிடும். புதுச்சேரியில் வாங்கிய பிரெஞ்சு இலக்கணம் ஒன்று; 40-ம் பக்கத்தில் பஸ் டிக்கெட் அடையாளமாகச் செருகியிருக்கிறது. அதற்கு மேலே போனதில்லை. கன்னட அரிச்சுவடி ஒன்று. மானுவல் ஆரன் 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார் என்று எங்கோ படித்த உற்சாகத்தில் வாங்கிய சதுரங்கப் பலகை. அதில் ஒரு குதிரையைக் காணவில்லை. காற்றுப் போன கால்பந்து. ஆவக்காய் பரிசோதனைக்காக வாங்கிய இரண்டு ஜாடிகள். என் மனைவி அந்தத் தட்டுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லத்தக்க பெயரல்ல.

நான் எனக்காக வாதாடாமல் இல்லை. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி ஆகிய நான்கும் போர்ச்சுகீசியர்கள் நம் வீட்டில் வைத்துவிட்டுப் போன வார்த்தைகள் என்று தெரிந்த தினத்தில், நான் வீடு முழுவதும் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சாமானையும் புதிதாகப் பார்த்தேன். அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்காக எத்தனை அரிச்சுவடிகளை வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது என் கட்சி. "சந்தோஷம் சரி, அதோடு விட்டுவிடுகிறீர்களே!" என்பது அவள் கட்சி. மேல்சித்தாமூருக்குப் போய் வரும் வரையில் அவள் கட்சிக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற பாதையில் போய், உள்ளே திரும்பினால் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களுக்கு அதுதான் தலைமைப் பீடம். ஜினகாஞ்சி மடம் அங்கேதான் இருக்கிறது. மடாதிபதிகள் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப் பெயரைத் தாங்குவது வழக்கம். வயலும் ஓட்டு வீடுகளுமாக இருக்கிற ஊருக்கு நடுவே பார்சுவநாதர் கோவிலின் கோபுரம் திடீரென்று எழும்பி நிற்கும். இன்னொரு கோவில் மலைநாதர் கோவில். அங்கே ஒரு பாறையில் பாகுபலியையும் பார்சுவநாதரையும் மகாவீரரையும் அம்பிகையையும் செதுக்கியிருக்கிறார்கள். கல் என்பதை மறந்து பார்க்கலாம்.

நான் முதல் தடவை போனபோது கோபுரத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. செஞ்சிக் கோட்டையில் ஏறி இறங்கிவிட்டு, ஒரு சிநேகிதர் கொடுத்த கடிதத்தோடு ஒரு நயினார் வீட்டு வாசலில் போய் நின்றேன். மணி ஆறரை. கொலைப் பசி. அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"அடடா, ஒரு மணி நேரம் முன்னால வந்திருக்கக் கூடாதா தம்பி? அடுப்பு அணைஞ்சு போச்சே!"

சூரியன் மறைந்த பிறகு உண்பதில்லை என்பது அவர்கள் நியமம். விளக்கை நாடி வருகிற பூச்சிகள் சாப்பாட்டில் விழுந்து சாகக் கூடாது என்பது அதன் தாத்பரியம். தேன் கிடையாது. நியமத்தைக் கண்டிப்பாகப் பார்க்கிற வீடுகளில் கிழங்கும் பூண்டும் கிடையாது. அவர் வீடு கண்டிப்பான வீடு. ஆனால் வந்த விருந்தாளியைப் பட்டினி போடவும் அவருக்கு மனம் இல்லை. மேல்துண்டைப் போட்டுக்கொண்டு என்னைத் தெருக்கோடிக் கடைக்கு அழைத்துப் போனார். நான் நின்றபடி நான்கு போண்டா தின்று முடிக்கும் வரையில் காவல் காப்பவர் போலப் பக்கத்தில் நின்றார். "போதுமா? இன்னும் ரெண்டு சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாட்டைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன். தான் தொடாத உணவை அடுத்தவனுக்கு இத்தனை அக்கறையாக வாங்கிக் கொடுத்தவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்புறம் நான் அடிக்கடி போக ஆரம்பித்தேன். காரணம், அவரும் என்னைப் போன்ற பைத்தியக்காரர்தான். பிராகிருதம் படித்தவர். சிரவணபெளகொளாவுக்குப் போய் வருவதற்காகக் கன்னடம் கற்றவர். கிரந்த எழுத்தைத் தகப்பனாரிடம் மணலில் எழுதிப் பழகியவர். நன்னூல் செய்த பவணந்தியும் சமணர், சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவரும் சமணர், காரிகை எழுதிய அமிதசாகரரும் சமணர் என்று விரல் விட்டு எண்ணுவார். சமணப் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்ததால்தான் பள்ளிக்கூடத்துக்கே அந்தப் பெயர் வந்தது என்பது அவருடைய சித்தாந்தம். "அதனால நான் வேலை பார்த்த இடம்கூட எங்க தாத்தா வீடுதான் தம்பி" என்பார்.

இவ்வளவுக்கும் மேலே, கால்பந்து! பள்ளி நாட்களில் அவர் கோல் காத்தவராம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசூஸா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டதும், இந்தியா நான்காவது இடத்துக்கு வந்ததும் நேற்று நடந்த மாதிரி சொல்வார். 1960-ல் ரோமில் பெரு நாட்டுக்கு எதிராக நாம் போட்ட ஒரே கோலைத் தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ் போட்டார். ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். அதன் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் விளையாடவே இல்லை. ஆகவே ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோல் இன்று வரையில் ஒரு தமிழருடையது. இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறும்; சொல்லி முடித்ததும் இறங்கிவிடும்.

2022 டிசம்பர் 18-ந் தேதி, கத்தாரில் அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதிய இரவு, நான் அவர் வீட்டில் இருந்தேன். நம் நேரம் எட்டரைக்கு ஆட்டம். நாங்கள் ஐந்து மணிக்கே சாப்பிட்டு முடித்துவிட்டோம். ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று நின்று, கூடுதல் நேரமும் தீர்ந்து, பெனால்டியில் அர்ஜென்டினா நான்குக்கு இரண்டு என்று ஜெயித்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மெஸ்ஸி அழுதார். என் வயிறும் அழுதது. நயினாரோ சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல், தோற்ற பக்கத்துக் கோல்கீப்பருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் என்னைச் செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள திருநாதர்குன்றுக்கு அழைத்துப் போனார். 24 தீர்த்தங்கரர்களும் வரிசையாக ஒரு பாறையில் அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசாரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு அங்கே இருக்கிறது. 'ஐ' என்ற எழுத்து தலைகாட்டும் மிகப் பழைய கல்வெட்டுகளில் அதுவும் ஒன்று என்பார்கள். நான் பையில் புளியோதரைப் பொட்டலம் கொண்டு போயிருந்தேன். அந்தப் பாறையடியில் அதைப் பிரிக்கக் கை வரவில்லை. "பிரிங்க தம்பி, பொழுது நல்லா இருக்கு. அவர் நோன்பு அவருக்கு, உங்க பசி உங்களுக்கு" என்று சொல்லி நயினார்தான் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

திண்ணையில் கட்டம் கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடுவோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புளியங்கொட்டைதான் ஆடு. அவர் எப்போதும் ஆட்டின் பக்கம். புலியைத் தொடவே மாட்டார். நான் "வெட்டினேன்" என்றால் முகத்தைச் சுளித்து, "எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க" என்று திருத்துவார். ஆலோசித்துப் பார்த்தால் அவர் எடுத்துக்கொண்ட பக்கம் அவருக்குப் பொருத்தமானதுதான். புலி தாண்டிக் குதித்துக் கொன்றால்தான் ஜெயிக்கும். ஆடு ஒன்றையும் கொல்லாமல், நகர இடமில்லாதபடி சுற்றிலும் நின்றே ஜெயிக்கும். ஆனால் அதற்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். பதினைந்து ஆடுகளையும் ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும் வரையில், வைத்த ஆட்டை நகர்த்தக்கூடாது.

ஒரு நாள் பெட்டியிலிருந்து பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். அவர் தகப்பனார் ஓலைச் சுவடியைப் பார்த்துக் கையால் பிரதி செய்த ஸ்ரீபுராணப் பகுதி. வடமொழியும் தமிழும் கலந்த மணிப்பிரவாள நடை. கிரந்தமும் தமிழுமாக எழுத்து. மொத்தம் 112 பக்கம். நயினாருக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, போன பார்வை திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பிள்ளை பெங்களூரில், பேரப் பிள்ளைகளுக்குத் தமிழே தடுமாற்றம்.

"உங்களுக்கு எழுத்துல ஆசை இருக்கு தம்பி. கிரந்தம் பதினைஞ்சு நாள் வேலை. நீங்க படிச்சுச் சொல்லுங்க, தமிழ் எழுத்துல எழுதி வச்சிடலாம். என் கண்ணு இருக்கிறப்பவே ஒத்துப் பார்த்துடலாம்" என்றார்.

எனக்கு வேறென்ன வேண்டும்! புதிய நோட்டு, புதிய பேனா, ஞாயிறுதோறும் திண்டிவனம் பஸ். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் 18 பக்கம் முடிந்தது. பத்தாவது ஞாயிறு வேறு வேலை வந்துவிட்டது. பதினோராவது ஞாயிறு மழை. பிறகு ஒரு சிநேகிதர் மலையாள நாவல் ஒன்றைக் கையில் திணித்தார். எனக்கு மலையாளம் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். பதினான்கு மாதம் மேல்சித்தாமூர்ப் பக்கமே போகவில்லை. டெலிபோனில் அவர் இரண்டு தடவை பேசினார். இரண்டு தடவையும் என் குழந்தைகளைப் பற்றித்தான் விசாரித்தார்.

பங்குனித் தேர் பார்க்க வாருங்கள் என்று மூன்றாவது தடவை அழைத்தபோது போனேன். தேர் அலங்காரத்தோடு நகர்ந்தது. நான் பக்கத்தில் நிற்பதைக் குரலை வைத்துத்தான் அவர் கண்டுகொண்டார். முகத்தை நேராகத் திருப்பி, என் தோளுக்கு அப்பால் பார்த்துச் சிரித்தார். கோபுரம் தெரிகிறதா என்று கேட்டேன். "இருக்கிற இடம் தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. திண்ணைக் கட்டத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆட்டம் பாதியில நிக்குதே. உங்க கிட்ட மூணு ஆடு போயிருந்தது. நான் பன்னிரண்டையும் வச்சு முடிச்சிருந்தேன். உங்க புலி ஒண்ணு உச்சியில, ரெண்டு வலப் பக்கம். சரிதானே?" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. அவர் விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு கொட்டையையும் அதனதன் இடத்தில் வைத்தார்.

நான் ஏதோ மன்னிப்பு மாதிரி ஆரம்பித்தேன். அவர் அதைக் கேளாமல் சாமிநாதையரைப் பற்றிப் பேசினார். 1880-ல் கும்பகோணத்தில் சேலம் ராமசாமி முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா என்று ஐயரைக் கேட்டார். அதற்கு முன் அந்த நூலை ஐயர் பாடம் கேட்டதில்லை. சமண மதச் சொற்களும் தெரியாது. கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போய், சந்திரநாத செட்டியார் முதலியவர்களிடம் சந்தேகம் கேட்டார். நூல் அச்சாகி வெளிவந்தது 1887-ல். "ஏழு வருஷம் தம்பி. ஆரம்பிச்சப்போ அவருக்கும் ஆசைதான் இருந்திருக்கும். உங்களுக்கு இருந்த மாதிரியே" என்றார்.

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தைத்தது. ஒத்துப் பார்க்க இருந்த கண் போய்விட்டது. அது இருந்த நாட்களில் நான் மலையாள எழுத்தின் வளைவுகளை ரசித்துக்கொண்டிருந்தேன். என் ஆசைகளால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று அதுவரையில் நினைத்திருந்தேன்.

நோட்டைக் கொண்டு வரச் சொன்னேன். 19-ம் பக்கத்தைப் பிரித்தேன். பாதி எழுத்துக்கள் மறந்து போயிருந்தன. ஓர் இடத்தில் 'த' வர்க்கமா 'ந' வர்க்கமா என்று திணறி, எதையோ வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "அப்படி வராது. அர்த்தம் கெடுது. மறுபடி பாருங்க" என்றார். பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கம் முடிந்தது. நாலரை மணிக்கே இலை போட்டுவிட்டார்கள்.

மீதி 94 பக்கத்துக்கு, வாரத்துக்கு இரண்டு என்றால் 47 ஞாயிறு வேண்டும். இதை எழுதும்போது, அந்த நாளையும் சேர்த்து 31 ஞாயிறு கழிந்திருக்கின்றன. அவற்றில் நான்கில் போகவில்லை. இரண்டுக்கு நியாயமான காரணம் உண்டு. மற்ற இரண்டுக்கு இல்லை. 72-ம் பக்கத்தில் நிற்கிறோம். அவர் காதால் ஒத்துப் பார்க்கிறார். சந்தேகம் தீராத இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டு வைக்கிறேன், பின்னால் யாராவது தெரிந்தவர் பார்க்கட்டும் என்று.

அலமாரியின் கீழ்த்தட்டு அப்படியேதான் இருக்கிறது. போன மாதம் அங்கே ஒரு புல்லாங்குழலும் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஸ்ரீபுராண நோட்டை மட்டும் என் மனைவி எடுத்து மேல்தட்டில் வைத்திருக்கிறாள். சனிக்கிழமை இரவானால் அதைப் பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவிடுகிறாள். திண்ணையில் ஆட்டமும் நடக்கிறது. சென்ற வாரம் என் மூன்று புலிகளையும் நகர விடாமல் கட்டிவிட்டார்.