பூச்சியத்தின் மௌனம்

பிழையானது தன்னைப் பிழையென்று அறிவித்துக் கொள்ளுமாயின் அதனைத் திருத்துதல் கடினமன்று. அது பூச்சியமென்னும் வேடம் பூண்டு அமைதியாக நின்றுவிடும்போதே இடர் தோன்றுகின்றது.

நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் அடுத்த ஆண்டுக்கான ஊதியத் திட்டத்தைத் தயாரித்த இளைஞர் ஒருவருக்கு இது நேர்ந்தது. இத்தகைய திட்டங்கள் இன்று அனாப்பிளான் போன்ற மென்பொருள்களிற் பல கூறுகளாகப் பிரித்தமைக்கப்படுகின்றன. ஊழியர் கூறில் ஒவ்வொருவருக்கும் எதிரே அவரது தரம் உண்டு. சம்பளக் கூறில் தரத்துக்கு எதிரே தொகை உண்டு. முன்னதிலிருந்து தரத்தை அறிந்து, பின்னதிலிருந்து தொகையைப் பெற்றுவருவது தேடற் சூத்திரம். புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தியின் தரத்தை நிரப்ப எவரோ மறந்திருந்தனர். சூத்திரம் முறையிடவில்லை, பூச்சியத்தைத் தந்தது. கூட்டல் சரியாகவே நடந்தது. ஆயின் அப்பெண்ணுக்குத் திட்டத்தில் ஊதியமில்லை.

மொத்தம் குறைவதை உணர்ந்த அவர் முதலிற் சூத்திரத்தையே ஐயுற்றார், அடைப்புக்குறிகளை எண்ணினார், அதனை அழித்து மீண்டும் எழுதினார். ஒருநாட்பொழுது வீணாயிற்று. கற்றவர்க்கு இது இயல்பு போலும்: தாம் எழுதியதை ஐயுறுவர், தமக்குத் தரப்பட்டதை ஐயுறார்.

இவ்வியல்பு புதியதன்று. 1979இல் டான் பிரிக்ளினும் பொப் பிராங்ஸ்ரனும் வெளிக்கொணர்ந்த விசிகல்க் அட்டவணையிலேயே தேடற் சூத்திரம் இருந்தது. எக்செல்லின் வீலுக்கப் சூத்திரத்தில் இறுதிக் கூற்றை எழுதாது விட்டால், அது அண்ணளவான பொருத்தத்தையே தேடும். பட்டியல் வரிசைப்படுத்தப்படாதிருப்பின் வேறொருவரின் தொகையைக்கூடக் கொணரும். 2019இல் அறிமுகமான எக்ஸ்லுக்கப் சரியான பொருத்தத்தை இயல்பாகக் கொண்டது. 'கிடைக்கவில்லை' என்னும் அறிவிப்பு அழகைக் கெடுக்கின்றதென்று அதனைப் பூச்சியமாக மாற்றிவிடுவோரும் உளர். உண்மை கூறும் வாயை அடைப்பதற்கு ஒப்பான செயல் அது.

மறுநாள் அவர் மொத்தத்தை விட்டு, ஊழியர்களை ஒவ்வொருவராக எடுத்தார். இவருக்குத் தரம் உளதா, அத்தரம் சம்பளக் கூறில் உளதா, அங்கே தொகை நிரப்பப்பட்டுள்ளதா என மூன்று வினாக்களை எழுப்பினார். முற்பகல் முடியுமுன் வெற்றிடம் அகப்பட்டது. தரமில்லாதோரை எண்ணிக் காட்டும் வரியொன்றையும் திட்டத்தின் முகப்பிற் சேர்த்தார்.

தரம் நிரப்பப்பட்டதும் மொத்தம் உயர்ந்தது. ஏன் உயர்ந்ததென மேலாளர் உடனே வினவினார். அது குறைந்திருந்த நாட்களில் அவர் எதுவும் கேட்டிலர்.