காரணம் என்ற கட்டம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சம்பந்தப்பட்டவனே, "எழுதுங்க மாமா, பேரு மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டான். அக்கா பையன். நான் காசியில் வேலை பார்க்கிற தைரியத்தில்தான் அக்கா அவனை இங்கே இன்ஜினியரிங் சேர்த்தாள். ஹாஸ்டலில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாம்பார் சாதம்.

காசியில் பாங்கு என்பது ஒளித்து மறைக்கிற சமாச்சாரம் இல்லை. அரசு லைசென்ஸோடு கடையே உண்டு. சிவராத்திரி, ஹோலி வந்தால் தண்டாய் குடிக்காத தெருவே கிடையாது. 1985-ம் வருட போதைப்பொருள் சட்டம், பூவோடு சேராத வெறும் இலையைக் கஞ்சா என்ற கணக்கில் வைக்கவில்லை. பூ கஞ்சா, பிசின் சரஸ். இரண்டும் குற்றம். பையன் ஒருநாள் கண் சிவந்து வந்தபோது, "யாரோ ஃபிரெண்டு வீட்டில் தண்டாய் குடித்திருப்பான்" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனோ இரண்டாம் வருடத்திலிருந்து தினமும் கஞ்சா புகைத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வருடம் பரீட்சைக்குப் போகவில்லை. ரூம் பசங்கள் போனில் தன் பேச்சை ரெக்கார்டு செய்கிறார்கள் என்றான். ஃபேன் சத்தத்தில் தன்னைத் திட்டுகிறார்கள் என்றான். ஒருநாள் ரகசியக் குரலில், "மாமா, உங்க பேங்க்ல என் அக்கவுண்ட்டை யாராவது பாத்துட்டே இருக்காங்களா?" என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே ஸ்டேட்மென்ட் எடுத்துக் காட்டினேன். 1,340 ரூபாய் இருந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அப்புறம் அவன் பையில் பொட்டலம் கிடைத்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்களுக்கு வந்தது நிம்மதி! காரணம் தெரிந்துவிட்டதே! கஞ்சாவை நிறுத்தினால் பையன் சரியாகிவிடுவான். ஊருக்கு அழைத்துப்போய் அக்கா கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். குணசீலம் கோயிலில் 48 நாள் இருந்தார்கள். நான்கு மாதம் ஒரு துளி கஞ்சா இல்லை. குரல் மட்டும் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனோம். நோய் வந்து, மருந்து இல்லாமல் கழிந்த நான்கு மாதம் அது. எங்கள் "காரணம்" வாங்கிக்கொண்ட வட்டி.

டாக்டர் எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னார். கட்டி, காய்ச்சல் பாதிப்பு என்று வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். ரிப்போர்ட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. அக்கா விடவில்லை. "கஞ்சா மூளையை அரிச்சிருக்கும்ல டாக்டர், படத்துல எந்த இடம்னு காட்டுங்க" என்றாள். "ஒருத்தர் படத்துல அப்படிக் காட்ட முடியாதும்மா" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை. பி.காம் படித்தவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்? பிறகு தேடித் தேடிப் படித்தேன். கஞ்சாவில் இருக்கும் டி.எச்.சி போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் ஏற்கனவே இருக்கின்றன. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸில் அவை அதிகம். இருபது வயதில் மூளை இன்னும் முழுதாக முதிர்ந்திருக்காது. நெதர்லாந்தில் ஸ்கிசோஃப்ரீனியா புதிதாக வந்த 51 பேரை ஐந்து வருட இடைவெளியில் இரண்டு முறை ஸ்கேன் செய்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. மூளையின் சாம்பல்நிறப் பகுதி, நோய் இல்லாதவர்களைவிட நோயாளிகளிடம் அதிகம் குறைந்திருந்தது. இடையில் கஞ்சாவைத் தொடர்ந்த 19 பேரிடம் இன்னும் அதிகம். அதே சமயம், கஞ்சா புகைக்கிற, ஆனால் இந்த நோய் இல்லாதவர்களைக் குடிப்பழக்கத்தையும் கணக்கில் எடுத்து ஒப்பிட்ட 2015 ஆய்வு ஒன்றில் வித்தியாசமே தெரியவில்லை. நோயும் சுருக்கும், சிகரெட்டும் குடியும் சேர்ந்திருக்கும், மருந்துக்கும் பங்கு இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்து எழுதுவது கஷ்டம்.

எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு கிளையின் சராசரி இருப்பை வைத்து ஒரு வாடிக்கையாளர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. டாக்டர் சொன்னது அவ்வளவுதான்.

அதற்காகக் கஞ்சா நிரபராதி என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்வீடனில் ராணுவத்துக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் புகைத்தவர்களுக்கு ஸ்கிசோஃப்ரீனியா வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்று 1987-ல் எழுதினார்கள். ஆனால் அப்படிப் புகைத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் வழியில்லை.

படித்ததில் என்னை உலுக்கியது ஒரு பழைய ரிப்போர்ட். 1893-ல் பிரிட்டிஷ் அரசு கஞ்சா பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். கஞ்சாவால் பைத்தியம் என்று மனநலக் காப்பகப் பதிவேடுகளில் எழுதியிருந்த கேஸ்களை ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். பாரத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம். அதை நிரப்பியாக வேண்டும். ஆளை அழைத்துவந்த போலீஸ் தாளில் கஞ்சா என்று இருந்தால், குமாஸ்தா அப்படியே இறக்கிவிடுவார். விசாரித்துப் பார்த்தபோது கணிசமான கேஸ்கள் நிற்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட மனசில்லாத அந்தக் குமாஸ்தா யார் தெரியுமா? நான்தான். அக்காதான்.

இப்போது இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். கஞ்சாவைத் தொடவில்லை. தொடர்ந்து புகைப்பவர்களுக்கு நோய் திரும்ப வரும் ஆபத்து அதிகம் என்பதால் டாக்டர் அதில் கறார். இரண்டு அரியரை முடித்துவிட்டான். பழைய வேகம் இல்லை, பழைய சிரிப்பு அவ்வப்போது வருகிறது.

வெளியூரில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளை தூங்காமல், யாரோ தன்னைப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள் என்று சொன்னால், கஞ்சா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். கஞ்சாவையும் நிறுத்துங்கள், வைத்தியத்தையும் தொடங்குங்கள். ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு சேவை அது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். அந்த எம்.ஆர்.ஐ கவரை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாளாம். "எதுக்குக்கா?" என்றேன். "தெரியலடா" என்றாள். அப்புறம் மெதுவாக, "உன்னைத்தான்டா ரொம்ப நாள் காரணமா நெனச்சிருந்தேன்" என்றாள். பையன் உள்ளே தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடப் போனோம்.