பெண்ணைப் பெற்ற டிமீட்டர்

கிரேக்கப் புராணக் கதைகளைப் படித்ததுண்டா, சகோதரிகளே? இங்ரி டோலேர், எட்கர் டோலேர் என்ற தம்பதி எழுதி, சித்திரமும் தீட்டி 1962-ல் அமெரிக்காவில் வெளியிட்ட சிறுவர் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அட்டைதான் கிழிந்தது; ஆசை கிழியவில்லை!

பாதாள ராஜன் ஹேடீஸ், பெர்ஸிஃபோனியைத் தூக்கிச் செல்கிறான். தாய் டிமீட்டர் துயரத்தில் ஆழ்ந்ததும் பூமியில் பயிர் பச்சையே இல்லாமற் போகிறது. மகள் மீண்டாள், ஆனால் அங்கே மாதுளை முத்துக்களைத் தின்றுவிட்டதால், ஆண்டுதோறும் சில மாதம் பாதாளவாசம்!

சிறுமியாக இருந்தபோது ஹேடீஸின் ரதத்தையே பார்த்துக் கொண்டிருப்பேன். மகளைக் கட்டிக் கொடுத்தபின், டிமீட்டரைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்ட மனம் வருவதில்லை.

பெர்ஸிஃபோனி திரும்பினால்தான் வசந்தம் என்றார்கள் கிரேக்கர்கள். பெண் பிறந்தகம் வரும் நாளில் நம் வீட்டைப் பாருங்கள். அது வெறும் கதையா?