ஒரு குப்பி மருந்தும் ஒரு தெருக் கோழிகளும்

"பகல்ல வந்து என்னத்தப் பாப்பீங்க தம்பி? கோழியெல்லாம் காடு கரைன்னு மேயும். அடையுற நேரத்துக்கு வாங்க" என்று சொல்லியிருந்தார், கோழி வளர்க்கும் அக்கா. அப்படியே பொழுது சாயும் நேரத்துக்குப் போனேன். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் சாலையில் அய்யலூரைத் தாண்டி, கரட்டை ஒட்டி இருக்கும் சிற்றூர். வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்கு இங்கிருந்தும் விடியுமுன்னே கோழிகள் போகும்.

அக்கா கூண்டு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கோழியும் உள்ளே போகப் போக அவர் உதடு அசைந்தது. கருப்பி, கொண்டைக்காரி, கிராப்புக் கழுத்து என்று பேர் சொல்லித்தான் கணக்கு. முழங்கால் உயரக் கல்லுக்கால்களின் மேல் நிற்கும் கூண்டு அது. மூங்கில் பிளாச்சு அடித்த தளம். எச்சம் இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும், ஈரம் தங்காது, கீரி மண்ணைத் தோண்டி நுழையவும் வழியில்லை.

கடைசியில் ஒன்று குறைந்தது. புள்ளிக்காரி. "பா... பா... பா..." என்று கூப்பிட்டுக்கொண்டே வேலியோரம் போனவர், முள்ளுக்கட்டுக்கு அடியிலிருந்து கோழியையும் இரண்டு முட்டைகளையும் எடுத்து வந்தார். கோழியைத் திட்டவில்லை. வீட்டில் அது முட்டையிடும் பானைக்குள் கையை விட்டு, கொஞ்சம் பொறுத்து வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார். மணிக்கட்டில் மிளகுத்தூள் தூவினதுபோல் ஏதோ ஊர்ந்தது. செள்ளு.

"அவ மேல குத்தமில்ல தம்பி. பாய் கடிச்சா நாம படுப்பமா?"

பழைய வைக்கோலை அப்படியே அடுப்பில் போட்டார். பானையை அனலில் காட்டி, ஆறவிட்டு, சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் பரப்பிப் புது வைக்கோல் வைத்தார். வெளியே முட்டையிடும் கோழியைக் கல்லெடுத்து விரட்டுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இங்கே எல்லாமே சிறுவிடை நாட்டுக்கோழி. வருசத்துக்கு அறுபது, எழுபது முட்டை வைத்தாலே பெரிது. வனராஜா, கிரிராஜா இனக் கோழி வாங்கினால் ஏறக்குறைய இரட்டிப்பு முட்டை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவை அடைக்கு உட்காருவது அரிது. குஞ்சு வேண்டுமென்றால் மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அக்காவுக்கு அந்த உட்காருகிற குணம் வேண்டும். அதை வைத்துத்தான் முப்பது வருசமாக யாரிடமும் கைநீட்டாமல் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும், நல்லது கெட்டதுக்குச் செய்முறையும் பார்த்திருக்கிறார்.

அடைக்கு முட்டை எடுப்பதில் கறாரானவர். ஒரு ஈட்டில் முதலில் வந்த முட்டைகளை விற்றுவிடுவார். கடைசி நான்கைந்து நாள் முட்டைகளோடு மற்ற கோழிகளின் புது முட்டையும் சேர்த்துப் பத்து அல்லது பன்னிரண்டு வைப்பார். ஒரு கோழியின் நெஞ்சுச் சூட்டுக்குள் அடங்குவது அவ்வளவுதான். அதுவரை அந்த முட்டைகள் இருக்கும் இடம் ஒரு மண்பானை. அடியில் ஈர மணல், மேலே சாக்கு, அதன்மேல் முட்டை, அகலமான பக்கம் மேலாக.

இருட்டிய பிறகு அடைக்கூடைகளைக் காட்டினார். முட்டைகளுக்கு நடுவே ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் கிடந்தன. இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்ற நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் ஏழாம் நாள் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, கைபேசி வெளிச்சத்தில் உள்ளங்கையைக் குவித்து அவர் பிடித்தபோது பேச்சு வரவில்லை. சிலந்தி வலைபோல் செந்நரம்புகள், நடுவே ஒரு கரும்புள்ளி. அது அசைந்தது. வெறும் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்த இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். கூமுட்டை. அவை கிடந்தால் மற்றவற்றுக்குப் போகவேண்டிய சூட்டைத் தின்னும்.

இன்னொரு கூடைக்குப் பத்தொன்பதாம் நாள். அகலச் சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஒரு முட்டையை மிதக்கவிட்டார். தண்ணீர் அடங்கிய பின்னும் முட்டை தானாக ஒரு தரம் துள்ளியது. துணியால் ஒற்றி, கோழிக்கு அடியில் திரும்பச் செருகிவிட்டார். 21ஆம் நாள் ஓடு உடையும்.

இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடை வைப்பது இவருடைய வழக்கம். பொரித்த அன்று இரவே எல்லாக் குஞ்சுகளையும் ஒரு தாயின் சிறகுக்குள் விட்டால், விடியும்போது அது அத்தனையையும் தன் குஞ்சாக ஏற்றுக்கொள்ளும். இன்னொன்று சீக்கிரம் முட்டைக்கு வந்துவிடும். அடையை விலக்க மூக்குத் துளையில் இறகைச் செருகும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அது வதை, விட்டுவிட வேண்டும்.

படுக்கப் போகுமுன் ஒரு பழைய பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் ஓலையும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். காலையில் அதைத் தட்டினால் கரையான் உதிரும். குஞ்சுகளுக்குக் குருணையும் கம்பும் வயிற்றை நிரப்பும். சதை வைக்க இந்தக் கரையான் வேண்டும். குஞ்சுகளின் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டிருந்தார், விழுந்து நனைந்து விறைத்துப் போகாமலிருக்க. முதல் மாதம் பஞ்சாரத்தை விட்டுக் குஞ்சை வெளியே விடுவது அவர் முற்றத்தில் இருக்கும்போது மட்டும்தான். பருந்துக்கு ஒரு நொடி போதும்.

இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, எனக்கு என் வீட்டுக் கொல்லைதான் நினைவுக்கு வந்தது. ஆறு வருசத்துக்கு முன், ஒரு வாரச்சந்தையில் அழகான சேவல் ஒன்றை வாங்கி, அன்றைக்கே மற்றவற்றோடு விட்டேன். அஞ்சாறு நாளில் ஒரு கோழி றெக்கையைத் தொங்கப்போட்டு நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது, கழுத்து திருகிக்கொண்டது. அடுத்த மூன்று நாளில் பதினான்கும் போயின. வெள்ளைக்கழிச்சல். 1920களில் ராணிகேத் மலைநகரில் கண்டறிந்ததால் ராணிகேத் என்றும் பெயர். வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை. சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை. புதுக்கோழியை மூன்று வாரம் தனியே கட்டி வைத்திருந்தால், தடுப்பூசி போட்டிருந்தால் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

"ஊசி போடணும்னு எல்லாருக்கும் தெரியும் தம்பி" என்றார் அக்கா. "ஆனா ஒரு குப்பிய ஒடச்சா நூறு கோழிக்கு. கரைச்சா ரெண்டு மணி நேரத்துல போட்டு முடிக்கணும். எங்கிட்ட இருக்கிறது இருபத்திரண்டு. மிச்சத்தக் கீழயா ஊத்துறது?"

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மருந்து அதிகம், தெருவுக்கு அது சரியான அளவு. பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது. ஆனால் அந்த நேரத்தில் கோழிகள் காட்டில் மேய்ந்துகொண்டிருந்தால் முகாம் வந்தும் பயனில்லை. அதனால் அக்கா முந்தின நாள் இரவே வீடு வீடாகச் சொல்லிவிடுவார்: நாளைக்குக் கூண்டு திறக்காதீங்க. ஒரு வாரத்துக்கு முன்பே எல்லா வீட்டிலும் பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா என்றும் கேட்டு வைத்துக்கொள்வார். ஏழு நாள் குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு, எட்டு வாரம் தாண்டியதற்கு றெக்கைக்கு அடியில் ஊசி. சொட்டு மருந்தையும் தெருவாகச் சேர்ந்துதான் வாங்குகிறார்கள்.

விடிந்தது. அன்றைக்குத்தான் முகாம். மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்தவர் ஐஸ் பெட்டியைத் திண்ணையில் வைத்தார். ஒன்பது வீடுகள். பெண்கள் கூடையிலும் முந்தானையிலும் இடுப்பிலுமாகக் கோழிகளோடு வந்து நின்றார்கள். அக்கா றெக்கையை விரித்துப் பிடிக்க, அவர் தோலைத் தூக்கி ஊசியை விட்டார். பேச்சே இல்லாமல் வேலை நடந்தது. தூங்கி வழிந்த ஒரு சேவலை மட்டும் "இது சீக்காளி, வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினார். அந்த வீட்டுப் பெண்ணிடம் அதைத் தனியே கட்டச் சொன்னார் அக்கா.

எண்பத்தேழு ஆகியிருந்தது. மேலத்தெருவில் ஒரு கிழவி கூண்டைத் திறந்துவிட்டாராம், ஆறு கோழி வெளியே. நேரத்தைப் பார்த்தேன், இன்னும் இருபது நிமிசம் இருந்தது. அக்கா ஒரு பிடி கம்பை மடியில் கட்டிக்கொண்டு மேலத்தெருவைப் பார்த்து நடந்தார். நானும் பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.